கார்டும் பின் நம்பரும் சரி, சரிபார்ப்பது யார்?

டீ ஆறட்டும், அதற்குள் உங்கள் ஏ.டி.எம். கார்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்புறம் கறுப்புப் பட்டை, முன்புறம் தங்க நிறத்தில் சின்னச் சிப். கணக்குக்காரர் நீங்கள்தான் என்பதற்கு இந்தக் கார்டு ஒரு சாட்சி. உங்கள் மனசில் இருக்கும் பின் நம்பர் இன்னொரு சாட்சி. ரேஷன் கடையில் விரல் வைக்கிறோமே, அது மூன்றாவது வகை: உடம்போடு வருவது.

சாட்சிகள் வேறு வேறு வகையாக இருப்பதுதான் முக்கியம். இரண்டு பாஸ்வேர்டு கேட்டால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. ஒன்றைத் திருடியவன் அதே வழியில் மற்றதையும் திருடிவிடுவான். இணையத்தில் கார்டால் பணம் கட்ட இரண்டாவது சாட்சி கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கொண்டுவந்தது. மிக நல்ல முடிவு.

அப்படியிருந்தும் புனேயில் ஒரு பெரும் திருட்டு நடந்தது. இங்கே கணேஷ்கிண்ட் சாலையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில்தான் அது நடந்தது. 1906இல் தொடங்கிய வங்கி. 2018 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. போலிக் கார்டுகளோடு 28 நாடுகளில் ஏ.டி.எம். முன்னால் ஆட்கள் நின்றார்கள். சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை பணம் எடுத்தார்கள். திங்கட்கிழமை, வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக ஹாங்காங் கணக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 14 கோடி போனது. மொத்தம் 94 கோடி ரூபாய்க்கு மேல்.

எப்படி முடிந்தது? நீங்கள் பணம் கேட்டதும் ஏ.டி.எம். தானாக முடிவெடுப்பதில்லை. கேள்வி வங்கியின் 'சுவிட்ச்' என்ற கணினிக்குப் போகும். அது கணக்குகள் இருக்கும் மையக் கணினியிடம் கேட்டு, 'கொடு' அல்லது 'கொடுக்காதே' என்று பதில் அனுப்பும். திருடர்கள் தீநிரல் புகுத்தி, அந்த இடத்தில் ஒரு போலிச் சுவிட்சை உட்கார வைத்துவிட்டார்கள். வந்த கேள்விகள் மையக் கணினிக்குப் போகவே இல்லை. கல்யாண வீட்டு வாசலில் அழைப்பிதழ் பார்க்கிறவரே திருடனின் ஆள் என்றால், அழைப்பிதழில் எத்தனை முத்திரை இருந்து என்ன?

வாடிக்கையாளர் யாரும் பின் நம்பரைச் சொல்லி ஏமாறவில்லை. அவர்கள் கணக்கில் பணம் குறையவும் இல்லை. போனது வங்கியின் பணம். அதனால்தான் சொல்கிறேன், இரண்டு சாட்சி நம்மிடம் மட்டும் கேட்டால் போதாது. சுவிட்சைத் தொடும் ஊழியர், ஸ்விஃப்டில் உத்தரவு போடும் அதிகாரி, வெளியிலிருந்து பராமரிப்புக்கு நுழையும் நிறுவனம், எல்லோரிடமும் கேட்க வேண்டும். பாஸ்வேர்டு மட்டும் போட்டு அங்கே ஒருவரும் நுழையக் கூடாது.

2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் இந்த வழக்கில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. உங்கள் வங்கியின் அடுத்த உறுப்பினர் கூட்டத்துக்குப் போனால், ஊழியர்கள் கணினிக்குள் எப்படி நுழைகிறார்கள் என்று எழுந்து கேளுங்கள். கூட்டுறவு வங்கியில் பங்கு வைத்திருக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு.