பல்லுக்கும் நடவுப் பருவம் உண்டு

பந்து பட்டு மேல்வரிசை முன்பல் ஒன்றை வேரோடு இழந்த 12 வயது மகனுக்கு ‘ஸ்க்ரூ பல்’ வைக்கலாமா என்று ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். கோடை விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். இப்போது வேண்டாம் அம்மா.

ஸ்க்ரூ பல்லின் உலோகமான டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதை சுவீடனின் ஆய்வாளர் பிரனேமார்க் 1950களில் முயல்களின் எலும்பில் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குப் பல் பொருத்தினார். பெரியவர்களுக்கு வரமான அந்த ஒட்டுதலே வளரும் பிள்ளைக்கு வினையாகிறது. நம் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் உண்டு. தாடை வளரும்போது பல்லும் கூடவே நகர்ந்து இறங்குவது அதனால்தான். ஸ்க்ரூவுக்கு நார் கிடையாது. பக்கத்துப் பற்கள் இறங்கிக்கொண்டே போக, அது மட்டும் வைத்த இடத்தில் நின்றுவிடும். சில ஆண்டுகளில் குட்டையாகத் தெரியும், ஈறும் கோணிவிடும். ஆகவே பெண்பிள்ளைகளுக்கு 17, 18 வயது வரை, ஆண்பிள்ளைகளுக்கு 20, 21 வரையாவது பொறுக்க வேண்டும். முன்பல் என்றால் 25 வரை காத்திருக்கச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அதுவரை கழற்றி மாட்டும் பல்செட் இருக்கிறது. பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒற்றை இறகால் ஒட்டும் மேரிலண்ட் பிரிட்ஜ் இருக்கிறது. அது எவ்வளவோ மேல். ஆனால் இருபுறமும் உள்ள நல்ல பற்களைச் சீவிக் கேப் மாட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள். இந்த வயதில் பல்லின் உள்ளே நரம்புக்கூழ் பெரிதாக இருக்கும். சீவினால் அதற்கே ஆபத்து.

நான் சொல்ல விரும்புவது இன்னொரு வழி. பிள்ளையின் சொந்த முன்கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்து முன்பல்லின் இடத்தில் நடுவது! ஓஸ்லோவில் ஸ்லாக்ஸ்வோல்டும் பியெர்க்கேயும் இதை முறைப்படுத்தி 1974இல் எழுதினார்கள். டென்மார்க்கின் ஆண்ட்ரியாசன் இப்படி இடம் மாற்றிய 370 பற்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை நிலைத்திருந்தன.

இதில் வேரின் வயதுதான் சூட்சுமம். வேர் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை வளர்ந்திருக்கும்போது எடுக்க வேண்டும். எங்கள் வயலில் நாற்று பறிப்பது போலத்தான். அப்பா பயிரின் வயதைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார், முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாது. வேர் நுனி திறந்திருந்தால் புது இடத்தில் இரத்தக்குழாய்கள் உள்ளே நுழைந்து கூழுக்கு உயிர் கொடுக்கின்றன. எஞ்சிய வேரும் அங்கேயே வளர்கிறது. வேர் முடிந்த பல்லில் கூழ் பிழைப்பது அரிது, வேர் சிகிச்சை தேவைப்படும்.

பல்லைக் கழற்றும்போது வேரைச் சுற்றிய நார் நசுங்கக் கூடாது. அதனால் சி.டி. ஸ்கேனிலிருந்து அதே அளவில் ஒரு மாதிரிப் பல்லை அச்சிட்டு, அதை வைத்துக் குழியைத் தயார் செய்துகொள்கிறார்கள். உண்மைப் பல் வாய்க்கு வெளியே இருப்பது கொஞ்ச நேரம்தான். தையலோ மெல்லிய கம்பியோ சிறிது நாள் பிடித்துக்கொள்ளும். பிறகு பல்நிறப் பசையால் முன்பல் வடிவம் கொடுப்பார்கள். நார் உயிரோடு இருப்பதால் இந்தப் பல் தாடையோடு சேர்ந்து வளரும், தன்னைச் சுற்றி எலும்பையும் உண்டாக்கும். எந்த ஸ்க்ரூவாலும் இது முடியாது.

எனக்கு மனம் பொறுக்காதது ஒன்று உண்டு. பல்வரிசையைச் சீராக்கக் கிளிப் போடுவதற்கு இடம் வேண்டி நல்ல முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்குகிறோம். அவை குப்பைக்குப் போகின்றன. முன்பல்லை இழந்த பிள்ளைக்கு அதே வாயில் மாற்றுப்பல் இருந்தும் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விழுந்த பல்லையும் இப்படித்தான் வீசிவிடுகிறோம். நிலைப்பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து, லேசாக அலசி, உடனே குழியில் திருப்பி வைக்கலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு அரைமணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓடுங்கள். பால்பல்லைத் திருப்பி வைக்கக் கூடாது.

எழுதிய தாய்க்கு: எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பல் நடவு பொருந்தாது, பல்லை எடுத்த இடத்தை மூடத் தாடையில் வசதி இருக்க வேண்டும். பல்சீரமைப்புத் துறையும் அறுவைத் துறையும் ஒன்றாக உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்கு மகனை அழைத்துப் போங்கள். முழுவாய் எக்ஸ்ரே எடுத்து முன்கடைவாய்ப்பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். விடுமுறை வரை காத்திருக்காமல் இந்த மாதமே போங்கள்.