அமெரிக்க மாதரின் ஆயுட்காலச் சங்கம்

2020-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், சென்னையில் பிறந்து அமெரிக்கா சென்ற சியாமளா கோபாலனின் புதல்வி கமலா ஹாரிஸ் அந்நாட்டு உபஜனாதிபதிப் பதவிக்கு வேட்பாளராக அறிவிக்கப்பட்டவுடன், தேர்தல் நிதிக்கு வந்து குவிந்த நன்கொடைகளிடையே 19 டாலர் 8 சென்ட் என்னும் விசித்திரமான தொகை திரும்பத் திரும்பத் தென்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்தத் தொகை உணர்த்தியது 1908 என்னும் வருஷத்தை. வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் சர்வகலாசாலையில் கறுப்பின மாணவிகள் சிலர் கூடி, 'ஆல்பா காப்பா ஆல்பா' என்னும் சங்கத்தைத் தொடங்கிய வருஷம் அது. கமலாவும் அதே சர்வகலாசாலையில் படித்தபோது, 1986-இல், அதில் அங்கத்தினரானவர். கல்லூரியை விட்டு முப்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பின்னும் ஒருத்தியைத் தம்மவள் என்று கொண்டாடிப் பணம் அனுப்பத் தூண்டும் பந்தம் எத்தகையது என்று கேட்பது நியாயமே.

கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடிய இத்தகைய மாதர் சங்கங்களை அங்கே 'சொரோரிட்டி' என்கிறார்கள். ஆண்களின் சங்கங்களில் சமமான இடம் கிட்டாத மாணவிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமக்கென்று இவற்றை அமைத்துக்கொண்டார்கள். இண்டியானாவில் 1870-இல் தோன்றிய 'காப்பா ஆல்பா தீட்டா' அவற்றுள் முன்னோடி. நம் ஊர்ப் பழைய மாணவர் சங்கத்தோடு இதை ஒன்றாக எண்ணிவிடலாகாது. பழைய மாணவர் சங்கத்தின் அபிமானம் கல்லூரியின் மீது. இங்கே அபிமானம் முழுவதும் சங்கத்தின் மீதே. ஆகையால், டெக்ஸஸில் படித்த இருபத்தைந்து வயதுப் பெண்ணும், இல்லினாயில் படித்துப் பேரக் குழந்தைகளைக் கண்டுவிட்ட மூதாட்டியும், ஒருவரையொருவர் முன்பின் அறியாதவராயினும், வாழ்க்கைப்பட்ட இடமோ உத்தியோகமோ அவர்களை டென்வர் நகரில் கொண்டு சேர்த்தால், அங்குள்ள ஒரே கிளையில் அமர்ந்து 'சோரர்' என்று அழைத்துக்கொள்வது கறுப்பின மாதர் சங்கங்களில் இயல்பான வழக்கம்.

பட்டம் பெற்றவர்களே இச்சங்கங்களின் முதுகெலும்பு என்பதற்கு ஆல்பா காப்பா ஆல்பாவின் பூர்வ சரித்திரமே சாட்சி. 1912-இல் ஹோவர்டில் படித்துக்கொண்டிருந்த மாணவிகள் சங்கத்தின் பெயரையும் நிறங்களையும் மாற்ற முனைந்தபோது, அப்போதுதான் படிப்பை முடித்திருந்த நெல்லி குவாண்டர் என்பவர் அதனைக் கடுமையாக ஆட்சேபித்து, 1913 ஜனவரி 29 அன்று சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்து அதற்கு நிரந்தர ஆயுளை அளித்தார். மாற்றம் வேண்டியவர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் இருபத்திரண்டு பேரும் அதே மாதத்தில் 'டெல்டா சிக்மா தீட்டா' என்னும் தனிச் சங்கம் கண்டு, மார்ச்சு 3-ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் அதன் கொடியோடு நடந்தார்கள். ஒரு மனஸ்தாபத்திலிருந்து இரண்டு மகத்தான ஸ்தாபனங்கள் விளைந்தன; எல்லாச் சண்டைகளும் இப்படி முடிந்தால் நாட்டுக்கு க்ஷேமம்தான்.

புதிய ஊரில் குடியேறும் பெண், அங்கே தன் சங்கத்தின் கிளை இருக்கிறதா என்று தலைமைக் காரியாலயத்தை விசாரிக்கிறாள்; இருந்தால், தன் பெயரை அவ்வூர்ப் பதிவில் சேர்த்து, தேசியச் சந்தாவையும் கிளைச் சந்தாவையும் கட்டுகிறாள். சந்தா பாக்கி இல்லாதவருக்கே வாக்கும் பதவியும் உரியவை. கிளை இல்லாத ஊரிலோ காரியம் சற்றே சிரமமானது. சுற்றுவட்டாரத்தில் வசிக்கும் பழைய அங்கத்தினர்களைத் தேடிப்பிடித்து, யாரேனும் ஒருவர் வீட்டுக் கூடத்திலோ பொது நூல்நிலையத்திலோ கூட்டி, ஸ்தாபனம் விதித்துள்ள குறைந்தபட்ச எண்ணிக்கை தேறுமானால், அக்கிராசனர், காரியதரிசி, பொக்கிஷதார் ஆகியோரைத் தேர்ந்து, துணைவிதிகளை எழுதிச் சாசனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆல்பா காப்பா ஆல்பா போன்றவற்றில், சாசனம் கோரும் குழுவினர் முதலில் அவ்வூர் ஜனங்களுக்குச் சேவை செய்து தம் யோக்கியதையை நிலைநாட்டியாக வேண்டும். சாசனம் பெற்ற பட்டதாரிக் கிளையின் பெயர் கிரேக்க அரிச்சுவடியின் கடைசி எழுத்தான ஒமேகாவில் முடியும். டெல்டாக்களோ பெரும்பாலும் ஊரின் பெயரையே கிளைக்கு இட்டுவிடுகிறார்கள்.

புதிய கிளைகள் தளர்வது பெரும்பாலும் முதல் வருஷ உற்சாகம் அடங்கிய பிறகே என்று தோன்றுகிறது. சிற்றுண்டியும் பாட்டும் பழங்கதையும் இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போதுமானவை; அதன் பிறகும் ஜனங்கள் வர வேண்டுமானால், கையில் ஒரு காரியம் இருந்தாக வேண்டும். நிறுவனர் தின விருந்து, ஏழை மாணவிக்கு உபகாரச் சம்பளம், அருகிலுள்ள கல்லூரிக் கிளைக்கு ஆலோசகராக இருத்தல் ஆகியவை வழக்கமான காரியங்கள். மாணவிகள் குடியிருக்கும் சங்க மாளிகைகளுக்கு வரி கட்டுவதும், ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதும் பல இடங்களில் முன்னாள் மாணவியரின் நிர்வாகக் குழுவே. இருபது வயதில் அங்கே கும்மாளமிட்டவள் ஐம்பது வயதில் கொத்தனாரோடு கூலி பேசுகிறாள். நேர்த்தியாக எழுதப்பட்ட நடவடிக்கைக் குறிப்பும், காசு தவறாத வரவுசெலவுக் கணக்கும் உள்ள கிளை, நட்பை மட்டும் நம்பிய கிளையைவிட நெடுநாள் வாழும் என்பது என் அபிப்பிராயம்.

பெருங்காரியங்களும் நடந்திருக்கின்றன. நியூயார்க்கில் தனியே உத்தியோகம் பார்க்க வந்த இளம்பெண்களுக்கு ஜாகை வேண்டுமென்று, பல சங்கங்களின் முன்னாள் மாணவியர், எமிலி ஈட்டன் ஹெப்பர்ன் என்பவரின் தலைமையில் பங்குகள் விற்றுப் பணம் திரட்டி எழுப்பிய உயர்ந்த மாளிகை 1928-இல் திறக்கப்பட்டது; பீக்மன் டவர் என்ற பெயரில் அது இன்றும் நிற்கிறது. 1935 முதல் பல கோடைகாலங்களில், டாக்டர் டாரதி ஃபெரபீயின் தலைமையில் ஆல்பா காப்பா ஆல்பாவினர் மருத்துவ முகாம் நடத்த மிஸிஸிப்பி மாகாணத்துக்குச் சென்றார்கள். தோட்ட முதலாளிகள் தொழிலாளரை அம்முகாமுக்கு அனுப்ப மறுத்ததால், மருந்துகளை மோட்டார்களில் ஏற்றித் தோட்டங்களுக்கே கொண்டுபோய், குழந்தைகளுக்கு அம்மையும் தொண்டையடைப்பானும் அணுகாதபடி தடுப்பூசி போட்டார்கள்.

ஒன்றை மறைப்பதற்கில்லை. சகோதரித்துவம் பேசிய வெள்ளையர் சங்கங்கள் பல, கறுப்பினப் பெண்களையும் யூதப் பெண்களையும் நெடுங்காலம் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தின. தனிச் சங்கங்கள் இத்தனை எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். யூத மாணவிகள் 1909-இல் நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் 'ஆல்பா எப்ஸிலான் ஃபை' என்பதைத் தொடங்கினார்கள். இந்தியாவிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும் குடியேறியவர்களின் பெண்கள், 1998-இல் டெக்ஸஸின் ஆஸ்டினில் 'காப்பா ஃபை காமா' என்பதையும், அதே வருஷம் ஹூஸ்டனில் 'டெல்டா ஃபை ஒமேகா' என்பதையும் நிறுவினார்கள். அவற்றின் முதல் அங்கத்தினர்கள் இப்போது ஐம்பது வயதை நெருங்குகிறார்கள். உத்தியோகம் நிமித்தம் ஊர் ஊராக மாறி, தத்தம் ஊரில் எத்தனை பேர் தேறுவார்கள், சந்தா எவ்வளவு விதிக்கலாம், கணக்கை யார் எழுதுவது என்று கூடி விவாதிக்கும் முறை இப்போது அவர்களுக்கு வந்திருக்கிறது.