சூரியன் படாத ராஜ்ஜியத்தில் சோறு எங்கிருந்து வரும்? ட்வார்ஃப்களின் சாப்பாட்டுக் கணக்கு

இடுப்பு வரை தாடி, கையில் கோடரி, மேஜையில் நுரை பொங்கும் பீர். ஃபேன்டஸி கதைகளில் ட்வார்ஃப் என்றதும் கண் முன்னால் வருவது இதுதான். சின்ன வயதில் நாம் படித்த சித்திரக்குள்ளர்களின் தூரத்துச் சொந்தக்காரர்கள். மலையைக் குடைந்து ஊர் கட்டுவார்கள், தங்கம் தோண்டுவார்கள், விருந்து என்றால் வெளுத்துக் கட்டுவார்கள்.

எல்லாம் சரி. அந்த பீருக்கான பார்லி எங்கே விளைந்தது? வெயிலே எட்டாத பாறைக்குள் ஆயிரக்கணக்கான பேர் மூணு வேளையும் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

விளையாட்டுக் கேள்வி மாதிரி தெரியலாம். ஆனால் ஃபேன்டஸி நாவல் எழுத உட்கார்ந்தவர்களையும், வார இறுதியில் நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களையும் கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் இல்லாத ராஜ்ஜியம் வெறும் செட்டு. பதில் இருந்தால், அங்கே யாருக்கு அதிகாரம், யாரிடம் கை ஏந்த வேண்டும், எந்தக் குளிர்காலத்தில் எல்லாம் கவிழும் என்பது வரை தானாக வந்துவிடும்.

காளான் போதாதா?

பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில், "காளான் வளர்த்துக்கிட்டா போச்சு." 2006-இல் வெளிவந்து இன்றும் ரசிகர்களைக் கட்டிப் போட்டிருக்கும் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' கேமில்கூட குகைக்குள் வளரும் ஒரு காளான்தான் சாப்பாட்டுக்கும் சாராயத்துக்கும் ஆதாரம். சாராயம் தீர்ந்தால் ட்வார்ஃப்களுக்கு வேலையே ஓடாது என்பது அந்த கேமின் விதி!

ஆனால் கணக்கு உதைக்கிறது. 100 கிராம் பட்டன் காளானில் இருப்பது சுமார் 22 கலோரி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்று வைத்தால் 9 கிலோ காளான் தின்ன வேண்டும். அதே கலோரி அரிசியில் 600 கிராமுக்குள் கிடைத்துவிடும். பாறை உடைப்பவருக்கு 2,000 கலோரி பத்தவும் பத்தாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காளான் செடி கிடையாது, தன் உணவைத் தானே தயாரிக்காது. வைக்கோல், மரத்தூள், சாணம் என்று ஏதாவது மக்க வேண்டும். அதெல்லாம் வெயிலில் விளைந்த பொருள்தானே? 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தின் கீழே இருந்த பழைய கல் குவாரிகளுக்குள் காளான் விவசாயம் சக்கைப்போடு போட்டது. உரம்? மேலே தெருவில் ஓடிய குதிரைகளின் சாணம்.

சூரியனே இல்லாமல் ஓடும் உணவுச் சங்கிலி பூமியில் இல்லாமல் இல்லை. ருமேனியாவில் 1986-இல் கண்டுபிடிக்கப்பட்ட மொவிலே குகை லட்சக்கணக்கான ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் மூடிக் கிடந்தது. அங்கே பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் போன்றவற்றிலிருந்து ஆற்றல் எடுக்கின்றன. அவற்றை நம்பிப் பூச்சிகளும் புழுக்களும் வாழ்கின்றன. ஆனால் அது பூச்சி புழுவோடு நிற்கும் சங்கிலி. தாடி வைத்த 5,000 பேருக்கு அது காணாது.

டோல்கீன் போட்ட முடிச்சு

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் இந்தச் சிக்கலைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார். 1937-இல் வந்த 'தி ஹாபிட்' நாவலில், தன் முன்னோர்கள் உணவைப் பயிரிடவோ தேடவோ மெனக்கெடவே இல்லை என்று ட்வார்ஃப் தலைவன் தோரினே சொல்கிறான். பக்கத்து டேல் நகரத்து மனிதர்கள் ட்வார்ஃப்களிடம் தங்கள் பிள்ளைகளைத் தொழில் பழக விட்டார்கள். அதற்கான கூலியை முக்கியமாகத் தானியமும் சாப்பாட்டுச் சாமானுமாகக் கொடுத்தார்கள். அதாவது, மலைக்குள் இருந்தது நாடு இல்லை, நகரம். நகரத்துக்கு எப்போதும் வெளியே ஒரு கழனி வேண்டும்.

நாவலின் முதல் அத்தியாயத்தில் 13 ட்வார்ஃப்கள் பில்போ வீட்டுக்குள் திடுதிப்பென்று நுழைந்து அவன் சரக்கறையையே காலி செய்வார்கள். ஜாம், ஆப்பிள் பண்டம், சீஸ், முட்டை, கோழி, காபி. கவனித்தீர்களா? அத்தனையும் வெயில் பட்ட மண்ணிலிருந்து வந்தவை.

கடைசியில் இதுவே கழுத்தைச் சுற்றுகிறது. டிராகன் செத்து, மலை முழுக்கத் தங்கம் தோரின் கையில். மனிதர்களும் எல்ஃப்களும் பங்கு கேட்டு வருகிறார்கள். அவன் மறுக்கிறான். அவர்கள் உடனே போர் தொடுக்கவில்லை. வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு மிச்சம் இருந்தது 'க்ராம்' என்ற ஒரு வறட்டு பிஸ்கட்தான். உறவுக்கார டெயின் 500-க்கும் மேற்பட்ட வீரர்களோடு உதவிக்கு வரும்போது ஆயுதத்தோடு சாப்பாட்டு மூட்டைகளையும் சுமக்க வைத்தே கூட்டி வருகிறான். விவரமான ஆள்!

நிஜத்தில் இருந்த சுரங்க ஊர்

கற்பனைக்கு நல்ல மாதிரி வேண்டும் என்றால், என் ஓட்டு ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்கு. 3,000 ஆண்டுகளுக்கு முன்பே மலையைக் குடைந்து உப்பு எடுத்த இடம். உப்பு எதையும் அழுக விடாது என்பதால், அந்தத் தொழிலாளர்கள் சாப்பிட்ட மிச்சமும், ஏன், கழிவும்கூட இன்று ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. பார்லி, தினை, பெரிய அவரை, கொஞ்சம் இறைச்சி எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்த கஞ்சிதான் அவர்களின் தினசரிச் சாப்பாடு. இதே வகைக் கஞ்சி 'ரிட்ஷெர்ட்' என்ற பெயரில் இன்றும் அந்தப் பக்கம் உண்டு. 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, சுமார் 2,700 ஆண்டுப் பழைய கழிவில் ப்ளூ சீஸ் பூஞ்சையும் பீர் ஈஸ்ட்டும் இருந்ததைக் காட்டியது. நிஜச் சுரங்கக்காரர்களும் சீஸும் பீருமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

அவர்கள் உப்பை விற்றதோடு நிற்கவில்லை. பன்றி இறைச்சியைப் பெரிய அளவில் உப்புக்கண்டம் போட்டிருக்கிறார்கள். பதிலுக்கு வந்த செல்வம் கல்லறைகளில் தெரிகிறது: பால்டிக் கடற்கரை அம்பர், ஆப்பிரிக்க யானைத் தந்தம். கூடவே இன்னொன்றும் தெரிகிறது. சிறுவர்களின் எலும்புகளிலேயே பாரம் சுமந்த தேய்மானம். விருந்து மேஜையை மட்டும் எழுதுகிற கதாசிரியர்கள் இந்த எலும்புகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுப்பும் ஒரு பெரிய விஷயம். நிலத்தடியில் தீ மூட்டினால் புகை எங்கே போகும்? துருக்கியின் டெரின்குயு நிலத்தடி நகரம் சுமார் 85 மீட்டர் ஆழம் வரை போகிறது. 20,000 பேர் வரை தங்கியிருக்கலாம் என்பது மதிப்பீடு. தொழுவம், தானியக் கிடங்கு, திராட்சை மதுக்கூடம் எல்லாம் உண்டு. அதோடு மேலிருந்து அடிவரை இறங்கும் காற்றுக் குழாய்கள். அந்த ஊர்க்காரர்களும் எதிரி வரும்போது ஒளிந்துகொள்ளத்தான் கீழே போனார்கள். வயல் மேலேதான் இருந்தது.

ஆக, ட்வார்ஃப் ஊரில் வீட்டுக்கு ஒரு அடுப்பு கட்டுப்படியாகாது. ஒரு தளத்துக்கே ஒரு பொது அடுப்பங்கரை என்று வைத்துப் பாருங்கள். விறகுக் கணக்கு பார்ப்பவர் மந்திரிக்குச் சமம். பந்தியில் யார் முதலில் உட்காருவது என்பது வெட்டுக்குத்து வரை போகும். தினமும் சுடச்சுடச் சமைக்க முடியாததால் ஊறுகாய், உப்புக்கண்டம், பல மாதம் கெடாத ரொட்டி என்று சமையலே மாறும். டெர்ரி ப்ராட்செட் தன் 'டிஸ்க்வேர்ல்ட்' நாவல்களில் இதைத்தான் நக்கலடித்தார். அவருடைய ட்வார்ஃப் ரொட்டியைத் தின்பதைவிட எதிராளி மண்டையில் போடலாம், அவ்வளவு கெட்டி. அதற்கு ஒரு மியூசியம் வேறு!

'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் 2024-இல் வந்த இரண்டாவது சீசனில் இந்தக் கணக்கையே கதையாக்கியது. நிலநடுக்கத்தில் காசாத்-தூம் நகருக்குள் வெயிலைக் கொண்டுவரும் துவாரங்கள் மூடிக்கொள்கின்றன. உள்ளே பயிர் செத்துவிடும். புதிதாக எங்கே குடைவது என்று தெரியாத மன்னன் டூரின், அதற்காகவே அந்த மந்திர மோதிரத்தை மாட்டிக்கொள்கிறான். ஆரம்பத்தில் பேராசை இல்லை, பசி பயம்தான். வெயில் திரும்பி வந்த பிறகும் அவன் கழற்றுவதில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதித் தகரச் சுரங்கங்களில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பாறைக்குள் 'நாக்கர்' என்ற குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தட்டும் சத்தம் கேட்டால் பாறை சரியப் போகிறது என்று அர்த்தம். அதனால் சுரங்கத் தொழிலாளர்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பேஸ்டியைத் தின்றுவிட்டு, கடைசித் துண்டை மட்டும் அவர்களுக்காகக் கீழே போட்டுவிடுவார்கள்.