முத்தெடுத்த வெள்ளையர்

விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்வை இலக்கியப் பகுதியில் பேசுவது பொருந்துமோ என்று ஆசிரிய நண்பர்கள் சிலர் ஐயுறலாம். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு எதிரெதிரே நின்ற இடம் ஆடுகளம். அவ்விடத்தில் மனிதர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பது வரலாறு கற்போர் அறியவேண்டிய செய்தி என்றே நான் கருதுகிறேன்.

எங்கள் மன்னார்க் கரைக்கு வந்த வெள்ளையருட் பலர் முத்தின்மேல் கண்வைத்து வந்தவர்கள். 1905இல் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த முத்துக்குளிப்பு அரசுக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தது. மூச்சடக்கி மூழ்கியவன் எம்மவன்; கணக்கெழுதியவன் அவன். அதே தலைமுறையில் பிறந்த ஆங்கிலேயர் ஒருவர் கடலுக்கு அப்பால், சென்னை மாநகரில், வேறுவகை முத்தொன்றைக் கண்டெடுத்தார். அவர் பெயர் கொன்ராட் பவல் ஜோன்ஸ்டன்.

1895இல் சிடனத்தில் பிறந்த ஜோன்ஸ்டன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியில் ஆடியவர், இடக்கைத் துடுப்பாட்டக்காரர். 1919க்கும் 1933க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் கெண்ட் கவுண்டி அணிக்காகவும் ஆடினார். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது கெண்டின் பசும்புல் தரையில் அன்று, சேப்பாக்கத்து வெயிலிலேயே. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் அலுவலராக அவர் சென்னையில் வாழ்ந்தார்.

அக்காலத்துச் சென்னையில் பொங்கல் திருநாளை ஒட்டி ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் பந்தயம் பெருவிழாவாக நடைபெறும். கரும்பும் மஞ்சளும் வீட்டில் இருக்க, ஊர் முழுவதும் சேப்பாக்கத்தில் திரளும். வீரரை நிறத்தால் பிரித்து நிறுத்திய பந்தயம் அது என்பதை மறைப்பதற்கில்லை. ஜோன்ஸ்டன் ஆடியதும் ஐரோப்பியர் பக்கமே. எனினும், எதிர்ப்பக்கம் நின்ற இளைஞரின் திறமையைக் காணும் கண் அவருக்கு இருந்தது.

திருவல்லிக்கேணியில் வளர்ந்த எம். ஜே. கோபாலன் என்னும் வேகப்பந்து வீச்சாளரை இனங்கண்டு, பர்மா ஷெல்லில் அவருக்கு வேலையும் கிடைக்கச் செய்தவர் ஜோன்ஸ்டன். பாராட்டுரை வழங்குதல் எளிது. மாதந்தோறும் சம்பளம் வரும் வழியைக் காட்டுதல் அரிது. வயிற்றுக் கவலை நீங்கினாலன்றிக் கலையோ ஆட்டமோ வளராது என்பதை அறிந்தவர் செய்த உதவி அது.

1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் தொடங்கிற்று. சென்னை அணியின் தலைவர் ஜோன்ஸ்டன். முதற் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் அணி 48 ஓட்டங்களுக்கும் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஆட்டம் ஒரே நாளில் முடிவுற்றது. பொங்கற் பந்தயத்தில் எதிரெதிரே நின்ற இரு நிறத்தாரும் அன்று ஒரே அணியாய் நின்றனர் என்பதே, அந்த எண்களைவிட என் நெஞ்சில் நிற்கிறது.

கோபாலனின் பிற்கால வரலாறு துயரம் தோய்ந்தது. ஹொக்கியிலும் வல்லவரான அவர், 1935இல் தியான்சந்துடன் நியூசிலாந்து சென்று ஆடியவர். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்தில் கிரிக்கெட்டா என்ற கேள்வி எழுந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹொக்கி அணி தங்கப்பதக்கத்துடன் மீண்டது. இங்கிலாந்து சென்ற கோபாலனுக்கோ ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடம் வாய்க்கவில்லை. 1934இல் கல்கத்தாவில் ஆடிய ஒன்றே அவரது முதலும் முடிவுமான டெஸ்ட். திறமையைக் கண்டு தூக்கிவிட ஒருவர் இருந்தாலும், அதற்குரிய இடத்தை வழங்கும் அதிகாரம் வேறு கைகளில் இருந்துவிடுகிறது.

ஆயினும் காலம் அவரை மறக்கவில்லை. 1953 முதல் சென்னையும் இலங்கையும் மோதிய பந்தயத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கெண்டிலிருந்து ஒருவர் சென்னைக்கு வந்தது போலவே, கொழும்பிலிருந்து டாக்டர் சேர்ச்சில் குணசேகர இங்கிலாந்து சென்று, 1919 முதல் 1922 வரை மிடில்செக்ஸ் கவுண்டிக்காக ஆடினார். ஆட்டம் கடல் கடப்பது ஒருவழிப் பாதையன்று.

கடல் கடப்பதைப் பற்றித் தலைமன்னார் அறியாததில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பல் போக்குவரத்து, சென்னையையும் கொழும்பையும் எங்கள் தீவின் வழியே இணைத்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர்ப் போரில் இருப்புப்பாதையும் சிதைந்து, 2015இல்தான் தலைமன்னார்த் துறைக்கு மீண்டும் புகைவண்டி வந்தது.

ஜோன்ஸ்டன் 1974இல் இங்கிலாந்தில் மறைந்தார். கோபாலன் 2003இல் சென்னையில் மறைந்தார். ஆதிக்கத்தின் பிள்ளையாய் வந்தவரை அதற்காகப் போற்றவேண்டியதில்லை. அவர் செய்த நன்மையை அதற்காக மறைக்கவும் வேண்டியதில்லை. உதைபந்தாட்டத்தில் பெயர்பெற்ற எங்கள் கரையோரச் சிற்றூர்களில், மாலைதோறும் வெறுங்காலுடன் மணலில் ஓடும் சிறுவர் பலர் உள்ளனர். அவர்களுள் எத்தனை கோபாலர்களோ! முத்து கடலடியில் கிடக்கிறது என்று சொல்லிக் கரையில் நிற்பதால் பயனில்லை. கண்டெடுக்கும் கண்ணும், எடுத்தபின் கைவிடாத மனமும் உடையவர்களாக நம் ஆசிரியர்கள் அமைவார்களாக.