மொறுமொறு வெங்காய வளையம்

ஆனேக்கல் ஒரு தாலுகா தலைநகரம். பெங்களூரு நகர மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாட்டின் ஓசூர் வந்துவிடும். இங்கே ஒரே தெருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் கேட்கும்.

தமிழர் வெங்காயம் என்கிறோம். கன்னடர் ஈருள்ளி என்கிறார்கள். தெலுங்கர் உல்லிகட்ட என்கிறார்கள். பெயர் மூன்று. காரம் ஒன்றுதான். உரித்தால் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும்.

மாலை ஆனால் வெங்காய பஜ்ஜிக் கடையில் கூட்டம் சேரும். அதே வெங்காயத்தை வளையம் வளையமாகப் பிரித்துப் பொரித்தால் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும். பெரிய ஓட்டல்களில் இதை 'ஆனியன் ரிங்ஸ்' என்று விற்கிறார்கள். அங்கே மைதா மாவு சேர்ப்பார்கள். நம் வீட்டில் கடலை மாவும் அரிசி மாவும் போதும்.

இதை எப்படிச் செய்வது? ஏன் மொறுமொறுப்பாகிறது? எண்ணெயில் என்ன கவனம் வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த வெங்காயம்?

பெங்களூரைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் ஒரு தனி வெங்காயம் விளைகிறது. அதன் பெயர் பெங்களூரு ரோஸ் வெங்காயம். கருஞ்சிவப்பு நிறம். சிறியது. காரம் அதிகம். இதற்கு 2015ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, இந்தப் பகுதியில் விளைவதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு இது ஏற்றுமதி ஆகிறது.

ஆனால் வளையம் செய்ய அது ஆகாது. மிகவும் சிறியது. பெரிய வெங்காயம்தான் வேண்டும். அது சித்ரதுர்கா, கதக், விஜயபுரா மாவட்டங்களிலிருந்தும், மகாராஷ்டிராவின் நாசிக்கிலிருந்தும் வருகிறது. கெட்டியான, காய்ந்த தோலுள்ள வெங்காயமாகப் பாருங்கள். முளை விட்டது வேண்டாம். கழுத்து மெத்தென்று இருந்தால் உள்ளே அழுகியிருக்கும்.

தேவையான பொருள்கள்

பெரிய வெங்காயம் 2
கடலை மாவு 1 டம்ளர்
அரிசி மாவு கால் டம்ளர்
மிளகாய்த் தூள் 1 சிறு கரண்டி
ஓமம் அரை சிறு கரண்டி
பெருங்காயம் 1 சிட்டிகை
சமையல் சோடா 1 சிட்டிகை
உப்பு தேவையான அளவு
பொரிக்க எண்ணெய்

செய்முறை

வெங்காயத்தை உரித்து, அரை விரல் தடிமனில் வட்டமாக நறுக்குங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் விரலால் மெல்லத் தள்ளினால் வளையங்கள் தனித்தனியே வரும். வளையத்தின் உள்பக்கம் கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது வழவழப்பானது. மாவு அதில் ஒட்டாமல் வழுக்கிவிடும்.

வளையங்களைக் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். காரம் குறையும். பிறகு சுத்தமான துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். இப்போதே உப்புத் தூவ வேண்டாம். உப்புப் பட்டால் வெங்காயம் தண்ணீர் விடும்.

காய்ந்த அரிசி மாவு கொஞ்சம் தட்டில் பரப்புங்கள். வளையங்களை அதில் ஒரு முறை புரட்டுங்கள். அப்போதுதான் கரைத்த மாவு பிடித்துக்கொள்ளும்.

மற்ற மாவு, தூள், உப்பு எல்லாவற்றையும் கலந்து, குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கரையுங்கள். இட்லி மாவுப் பதம் போதும். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து மாவில் ஊற்றிக் கலக்குங்கள். சோடாவைச் சிட்டிகைக்கு மேல் போட வேண்டாம். அதிகமானால் பண்டம் எண்ணெயைக் குடிக்கும்.

எண்ணெய் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு துளி மாவு விடுங்கள். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. உடனே கறுத்தால் சூடு அதிகம். கீழே போய் உடனே மேலே வந்தால் சரியான பதம்.

ஒரு தடவைக்கு நாலைந்து வளையம் மட்டும் போடுங்கள். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்புங்கள். சத்தம் அடங்கி, பொன் நிறம் வந்ததும் எடுத்து, கம்பித் தட்டிலோ ஓட்டைக் கூடையிலோ வடிய விடுங்கள். சூட்டோடு மூடி வைக்க வேண்டாம். மூடினால் நீராவி அடங்கி, வளையம் நமுத்துப் போகும்.

ஏன் மொறுமொறு?

வெங்காயத்தில் பெரும் பகுதி தண்ணீர்தான். தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதித்து ஆவியாகிறது. பொரிக்கும் எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரி இருக்கும். மாவு எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்கிறது. 'சொய்ங்' என்ற சத்தமும் குமிழியும் அதுதான்.

ஆவி வெளியே வரும் வரை எண்ணெய் அதிகமாக உள்ளே போக முடியாது. மேல் மாவு உலர்ந்து ஓடு போல ஆகிறது. அதுவே மொறுமொறுப்பு.

சூடு குறைந்தால் என்ன ஆகும்? ஆவி வேகமாக வராது. மேல் ஓடு சீக்கிரம் உலராது. பண்டம் வெகுநேரம் எண்ணெயில் கிடந்து ஊறும். ஒரே தடவையில் நிறையப் போட்டாலும் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். அதனால்தான் நாலைந்து மட்டும் போடச் சொல்கிறோம்.

எத்தனை தடவை காய்ச்சலாம்?

எண்ணெய் விலை அதிகம். மீந்த எண்ணெயைக் கொட்ட மனசு வராது. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெட்டுப் போகிறது. நிறம் கறுக்கும். கெட்டியாகும். நுரை தங்கும். சீக்கிரம் புகையும். கண்ணுக்குத் தெரியாத தீய பொருள்கள் அதில் சேரும். அவை இதயத்துக்கும் இரத்தக் குழாய்க்கும் நல்லதல்ல.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. காய்ச்சிய எண்ணெயில் இந்தக் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018ஆம் ஆண்டு ஜூலை முதல் இது நடைமுறையில் உள்ளது.

வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. அதனால் ஓர் எளிய வழி. பொரித்து மீந்த எண்ணெயை ஆறவிட்டு வடிகட்டுங்கள். மறுபடி பொரிக்க வைக்காதீர்கள். ஓரிரு நாளில் தாளிக்கவும் பொரியல் செய்யவும் போட்டுத் தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெயோடு புது எண்ணெயைச் சேர்த்து வைக்க வேண்டாம். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். குழாய் அடைத்துக்கொள்ளும்.

பாக்கெட்டைப் படியுங்கள்

1998ஆம் ஆண்டு டெல்லியில் ஒரு பெரிய துயரம் நடந்தது. கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. பிரம்மதண்டு மஞ்சள் பூப் பூக்கும் முள் செடி. நம் பக்கத்துத் தரிசு நிலங்களிலும் வளரும். அதன் விதை பார்க்கக் கடுகு போலவே இருக்கும். அந்த எண்ணெயைச் சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியது. மூச்சு முட்டியது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இறந்தவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. கடையில் விற்றதை வாங்கிச் சமைத்தார்கள். அவ்வளவுதான். அதே ஆண்டில், சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்து விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது.

எண்ணெய் பாக்கெட்டில் நிறைய எழுதியிருக்கும். அது இங்கிலீஷிலோ இந்தியிலோ இருக்கலாம். மலைக்க வேண்டாம். எண்கள் எல்லா மொழியிலும் பெரும்பாலும் ஒன்றுதான். அடைத்த தேதியைப் பாருங்கள். எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதியைப் பாருங்கள். விலையைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

கடலை மாவிலும் கலப்படம் உண்டு. கேசரிப் பருப்பு மாவைக் கலப்பார்கள். கேசரிப் பருப்பைத் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் கால்கள் செயலிழக்கலாம். இதற்கு நல்ல வழி, கடலைப் பருப்பாக வாங்குவது. புடைத்துச் சுத்தம் செய்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம்.

செய்தித்தாளில் எண்ணெய் வடியவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிட வேண்டும். அச்சு மையில் கெடுதலான பொருள்கள் இருக்கின்றன. சூடான எண்ணெய் பட்டால் அவை பண்டத்தில் ஏறும். வாழை இலை நல்லது.

எண்ணெயில் தீப்பிடித்தால்

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போகாதீர்கள். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். உடனே அடுப்பை அணையுங்கள்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெயை விடக் கனமானது. அடியில் போகும். அங்கே ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும்.

அடுப்பை அணைக்க முடிந்தால் அணையுங்கள். பெரிய இரும்புத் தட்டாலோ மூடியாலோ சட்டியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். காற்று இல்லாவிட்டால் தீ தானே அணையும். ஆறும் வரை மூடியைத் திறக்காதீர்கள். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தீ பெரிதானால் எல்லாரும் வெளியே வந்து 112க்குப் போன் செய்யுங்கள்.

உடம்பில் சூடான எண்ணெய் பட்டால் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டி, பற்பசை, மை, மாவு எதுவும் தடவ வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் பெரிதானாலும், முகத்தில் பட்டாலும், குழந்தைக்குப் பட்டாலும் 108 ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

ஒரு கணக்கு

அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணிப் பக்கம் தொழிற்சாலைகள் நிறைய. வேலை விட்டு வருபவர்கள் பசியோடு வருகிறார்கள். ஒரு மகளிர் குழு வெங்காய வளையம் போட்டு விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுமா? கணக்குப் போடுவோம். விலைகள் உதாரணத்துக்காக. உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அரைக் கிலோ வெங்காயம் போடுகிறார்கள். வெங்காயம் 20 ரூபாய். கடலை மாவு 30. அரிசி மாவு 4. தூள், உப்பு 6. கேஸ் 10. எண்ணெய் அரை லிட்டர் 80. மொத்தம் 150 ரூபாய். 40 வளையம் வருகிறது. ஒரு தட்டுக்கு 5 வளையம். 8 தட்டு. தட்டு 20 ரூபாய் என்றால் வரவு 160. மிச்சம் 10 ரூபாய்தான்.

இந்த இடத்தில்தான் சபலம் வரும். மீந்த எண்ணெயை நாளைக்கும் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அது வேண்டாம். நம் குழந்தைகளும் அதையே வாங்கிச் சாப்பிடும். வேறு வழி இருக்கிறது.

மறுநாள் அதே மாலையில் ஒன்றரைக் கிலோ போடுகிறார்கள். வெங்காயம் 60. கடலை மாவு 90. அரிசி மாவு 12. தூள், உப்பு 18. கேஸ் 30. முதலில் அரை லிட்டர் எண்ணெய் வைத்து, குறையக் குறையப் புது எண்ணெய் ஊற்றுகிறார்கள். எண்ணெய் மொத்தம் ஒரு லிட்டர் 160. ஆகச் செலவு 370 ரூபாய். 24 தட்டு விற்றால் வரவு 480. மிச்சம் 110 ரூபாய். இதில் கடைசியில் மீந்த எண்ணெய்க்கு வரவு எழுதவில்லை.

ஆக, பழைய எண்ணெயால் வந்த லாபமல்ல இது. ஒரே மாலையில் அதிகம் விற்றதால் வந்த லாபம். கடை தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். உழைப்புக்கும் கூலி உண்டு. அதையும் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

எண்ணெய்ப் பண்டம் தினமும் வேண்டாம். எப்போதாவது சாப்பிடுவோம். சாப்பிடுகிற அன்றைக்கு நல்ல எண்ணெயில் சாப்பிடுவோம்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள்

1. வளையத்தின் உள்தோலை ஏன் எடுக்க வேண்டும்?
2. எண்ணெயில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டு எண்ணெய் பாக்கெட்டை எடுங்கள். அதில் உள்ள இரண்டு தேதிகளையும் நோட்டில் எழுதுங்கள்.
4. ஒரு கிலோ வெங்காயத்துக்குச் செலவு எவ்வளவு? வரவு எவ்வளவு? உங்கள் ஊர் விலையில் கணக்குப் போடுங்கள்.