வீரம் யாது?

வீரம் என்னும் சொல் நம்மிடையே மிகவும் மலிந்துவிட்டது. மேடையில் உரக்கப் பேசுகிறவன் வீரன். தெருவில் நாலு பேரை அடித்தவனும் வீரன். சொல்லின் மதிப்புக் குறைந்தால், அது குறிக்கும் குணமும் நாளடைவில் க்ஷீணித்துப் போகும். ஆதலின் இதன் அர்த்தத்தைச் சற்று ஆராய்வது அவசியமாகும்.

துணிதல் என்றால் அறுபடுதல். ஐயத்தை அறுத்து ஒரு முடிவுக்கு வருவதே துணிவு. அது கள்வனிடத்தும் உண்டு. நியாயஸ்தலங்களில் பழகியவர்கள் இதனை நன்கறிவார்கள். தைரியம் வடசொல், எது நேரினும் நிலைகுலையாமை என்பது அதன் பொருள். வீரமோ இவ்விரண்டினும் பெரிது. உரையாசிரியர்கள் வீரமென்று கொள்ளும் பெருமிதத்திற்கு, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்தார். அஞ்சாமை நான்கில் ஒன்றுதான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கொடுப்பவனும் வீரனே.

இதற்கு உதாரணம் தேடி நாம் தூரதேசம் செல்ல வேண்டுவதில்லை. திண்டுக்கல்லைச் சார்ந்த பேகம்பூரில் ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கிறார். ஊரின் பெயரே அவ்வம்மையாரால் வந்தது. 1755-ல் ஹைதர் மைசூரின் பௌஜ்தாராக ஆண்ட சீமை இது.

1772-ல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். ஆற்காட்டு நவாபும் கும்பினியாரும் அவர் நாட்டைக் கைக்கொண்டனர். ராணி வேலு நாச்சியார் தம் பெண்ணுடன் இந்தச் சீமைக்கு வந்து சேர்ந்தார். பழனிக்குச் செல்லும் வழியிலுள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவருக்கு அடைக்கலம் அளித்தார். ஹைதரும் உதவி புரிந்தார். 1780-ல் ராணி சிவகங்கையை மீட்டார்.

ஹைதரின் உதவியில் ராஜதந்திரமும் கலந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. நவாபும் கும்பினியாரும் அவருக்கும் பகைவரே. ஆனால் ஒரு பாளையக்காரர், நாடிழந்த விதவை ஒருத்திக்கு இடங்கொடுத்து அடையக்கூடிய லாபம் யாது? லாபம் சந்தேகம், ஆபத்தோ நிச்சயம்.

பணிவதில்லை என்று ராணி முடிவு செய்தது துணிவு. எட்டாண்டுகள் மனந்தளராமல் காத்திருந்தது தைரியம். அவருக்குக் கதவைத் திறந்துவிட்டதே வீரம். அந்தக் கோபால நாயக்கர் பிற்காலத்தில் கும்பினியாரை எதிர்த்த பாளையக்காரர் கிளர்ச்சியில் முன்னின்று, 1801-ல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். கொடைகளுள் கடைசிக் கொடையையும் அவர் கொடுத்துவிட்டார்.

இன்று நமக்குக் கோட்டையும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம். பலவான்களுக்கு விரோதமாக உண்மையைச் சாட்சி சொல்லி, அதனால் ஊரார் பகையைத் தேடிக்கொண்ட ஏழை ஒருவன் நம் வாசலில் வந்து நிற்கக்கூடும். அவன் நம் ஜாதியல்லாதவனாகவும் நம் மதமல்லாதவனாகவும் இருக்கலாம். அப்பொழுது நாம் கதவைத் திறப்போமா, தாழிடுவோமா? வீரம் என்னும் சொல்லை உச்சரிக்க நமக்குள்ள பாத்தியதையை அந்த ஒரு கணமே தீர்மானிக்கும்.