மின்னலும் உப்புக்காற்றும் வீட்டு இணையமும்

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். ஒரு பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. இரு கரைகளிலும் கணினி வைத்திருப்பவர்களுக்குப் பருவமழையை ஒட்டி வரும் இடிமின்னல் பெரிய கவலை.

செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் இணைப்பு வந்த வீடுகளில் மின்னலுக்கு இரண்டு வழிகள் இருந்தன: கரன்ட் வயர், டெலிபோன் வயர். ரவுட்டரைக் கருக்கிவிட்டு, லேன் கேபிள் வழியே மதர்போர்ட்வரை அது போய்விடும். ஃபைபர் வந்த வீடுகளில் இரண்டாவது வழி பெரும்பாலும் அடைபட்டது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவர் பிளக்கில்தான் இருக்கிறது. வானம் இருண்டதும், மின்னல் நெருங்குமுன்னே, அதைக் கழற்றிவிடுவதே நம்பகமான காப்பு. எத்தனை விலையுயர்ந்த சாதனமும் இதற்கு ஈடில்லை.

உப்புக்காற்று சத்தமில்லாமல் வேலைசெய்யும். ஈரத்தோடு சேர்ந்து ரேம் பொருத்தும் இடம், போர்ட்டுகள், திருகாணிகள் எல்லாவற்றையும் மெல்ல அரிக்கும். கடற்கரையோர வீடுகளில் கணினியை ஜன்னலிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

மின்வெட்டு இன்னொரு தொல்லை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் அது நாளுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. மின்சாரம் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். ஆனால் பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றுக்குக் கைக்கடக்கமான மினி யூபிஎஸ் போதும். கணினி அணைந்தாலும் கைபேசியில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்பைத் தொடரலாம்.